ஹன்டர்ஸ் மார்க்குக்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டாம்: விதி எழுதுபவர்களுக்கு ஒரு ரேஞ்சரின் மடல்

பகடை உருட்டி, பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை ஆட்டத்தின் விதிகளை எழுதும் பெரியவர்களுக்கு,

வணக்கம். 2024-இல் வந்த ஆட்டக்காரர் புத்தகத்தில் ரேஞ்சர் என்ற வேட்டைக்காரக் கிளாஸ் (பாத்திர வகை) எப்படி இருக்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எழுதியதே நீங்கள்தான். அதனால் நேராகக் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன். ஹன்டர்ஸ் மார்க்குக்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டாம். எல்லோருக்கும் தளர்த்த மனமில்லையென்றால் ரேஞ்சர் போடும்போதாவது வேண்டாம். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீள மடல். கூடப் படிக்கும் புதியவர்களுக்கு: ஹன்டர்ஸ் மார்க் என்பது இரையைக் குறித்துவைத்து அடியின் சேதத்தைக் கூட்டும் ஸ்பெல், அதாவது மந்திரம்; கான்சன்ட்ரேஷன் என்பது சில ஸ்பெல்கள் நிலைக்கப் பிடித்துவைக்க வேண்டிய கவனம்.

போன வார ஆட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் குழு இப்போது ஏழாம் லெவல். இரவோடு இரவாக ஒரு கோட்டைக்குள் புக வேண்டும். நான் பாஸ் விதவுட் ட்ரேஸ் என்ற ஸ்பெல்லைப் போட்டேன். என்னைச் சுற்றி 30 அடிக்குள் இருக்கும் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் ஸ்டெல்த் (மறைந்து நகரும்) பகடையில் 10 கூடும், காலடித் தடமும் விழாது. ரேஞ்சர் கையில் இருப்பதிலேயே இதுதான் பெரிய சொத்து என்பேன். நடந்தாலே பாத்திரக்கடை உருண்ட மாதிரி சத்தம் போடும் எங்கள் ஃபைட்டர்கூட முழு இரும்புக் கவசத்தோடு முற்றத்தைக் கடந்துவிட்டான். மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கும் பெருமைதான்.

அப்புறம் காவல் தலைவன் திரும்பினான். அவன் கண்ணில் பட்டது நான் மட்டும். சண்டை தொடங்கிவிட்டது, ஆனால் மற்றவர்கள் இன்னும் மாட்டவில்லை. ரோக் (கள்ளன் பாத்திரம்) மேல்தளத்துப் படியில் ஏறி மறைய வேண்டும், விசார்ட் (மந்திரவாதி) மதிலோரமாக நழுவ வேண்டும், இரண்டு பேருக்குமே அந்த 10 வேண்டும். என் முறை வந்தது. வேட்டைக்காரன் நான், எதிரே இரை. ஹன்டர்ஸ் மார்க் போட்டால் ஒவ்வொரு அம்புக்கும் ஓர் ஆறுமுகப் பகடை கூடுதல். ஆனால் அதற்கும் கான்சன்ட்ரேஷன், இதற்கும் கான்சன்ட்ரேஷன், ஒரு நேரத்தில் ஒன்றுதான். நான் பகடையைக் கையில் எடுத்ததுமே ரோக் ஆடும் தோழி சொன்னாள்: "உன் கிளாஸோட முக்கியமான வேலையை நீ செஞ்சா நாங்க செத்தோம்."

பகடையைக் கீழே வைத்துவிட்டேன். மார்க் இல்லாமல் நான்கு சுற்றும் வெறும் அம்பு விட்டேன். அதே நான்கு சுற்றில் அந்தத் தோழி படிமேலிருந்து ஸ்னீக் அட்டாக் என்ற பதுங்கித் தாக்கும் அடிக்காக நான்கு ஆறுமுகப் பகடையை அள்ளி உருட்டிக்கொண்டிருந்தாள். அதற்குக் கான்சன்ட்ரேஷன் கேட்கவில்லை நீங்கள். பார்பேரியனின் சண்டை வெறியான ரேஜுக்கும் கேட்கவில்லை. பாலடினின் புனித அடியான டிவைன் ஸ்மைட்டுக்கும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன், அவை அந்தந்தக் கிளாஸின் உயிர். எங்களுக்கு மட்டும் உயிரை ஒரு கையிலும் மற்ற ஸ்பெல்லை எல்லாம் இன்னொரு கையிலும் கொடுத்து, ஒரு கையை மட்டும்தான் நீட்டலாம் என்கிறீர்கள்.

ஐந்தாம் லெவலிலிருந்து ஹன்டர்ஸ் மார்க்கை ஸ்லாட் (ஸ்பெல் போடும் இருப்பு) செலவில்லாமல் மூன்று முறை போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. என் கேரக்டர் ஷீட்டில் அதற்காகப் பென்சிலால் மூன்று குட்டிக் கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். போன வாரம் ஆட்டம் முடிந்து குழு தூங்கப் போனபோது மூன்றும் காலியாகத்தான் இருந்தன. அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான். ரப்பருக்கு வேலையே இல்லை.

இதை எழுதத் தூண்டியது அந்த ஒரு இரவு மட்டும் இல்லை. 2022 செப்டம்பரில் சோதனைக்காக நீங்கள் வெளியிட்ட ரேஞ்சரில் இந்தக் கான்சன்ட்ரேஷன் இல்லை. நாங்கள் ஆடிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. 2024 புத்தகத்தைத் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி. கொடுக்காமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீங்கள் ஏன் தயங்கினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. முதல் லெவலிலேயே இதைக் கொடுத்தால் வேறு கிளாஸ்காரர்கள் ஒரே ஒரு லெவல் ரேஞ்சர் எடுத்து, மார்க்கைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு சுற்றில் நான்கு முறை அடிக்கும் ஃபைட்டர் கையில் அது கிடைத்தால் டிஎம் (கதையை நடத்துபவர்) பாடு திண்டாட்டம்தான். ஒப்புக்கொள்கிறேன். சரி, ஆறாம் லெவலில் கொடுங்கள். ஆறு லெவல் ரேஞ்சராக இருந்தவன் திருட வந்தவன் இல்லை.

அதற்குப் பதிலாக என்ன கொடுத்திருக்கிறீர்கள்? பதின்மூன்றாம் லெவலில், அடிபட்டாலும் ஹன்டர்ஸ் மார்க்கின் கான்சன்ட்ரேஷன் உடையாது. எதிரி அடித்தால் உடையாது, நானே இன்னொரு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் போட்டால் உடையும். அதாவது எனக்கு நானே எதிரி! இருபதாம் லெவலில், மற்றவர்கள் உச்சியில் நிற்கும் இடத்தில், மார்க்கின் ஆறுமுகப் பகடை பத்துமுகமாக மாறும். சராசரி 3.5 போய் 5.5. ஓர் அடிக்கு இரண்டு புள்ளி. அதே இருபதில் பார்பேரியனுக்கு வலிமையும் உடலுறுதியும் தலா நான்கு கூடுகின்றன. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தக் கிளாஸின் தலையெழுத்தே இப்படித்தான் போலிருக்கிறது. 1978 விதிகளில் ராட்சத இனங்களுக்கு எதிராக லெவலுக்கு ஒரு புள்ளி கூடுதல் சேதம் இருந்தது, ரேஞ்சரைக் கண்டு ஓகர் பயந்த காலம். 2014-இல் முதல் லெவலிலேயே ஒரு நிலப்பரப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். நான் காட்டைத் தேர்ந்தெடுத்தேன், டிஎம் கதையைக் கடலுக்குக் கொண்டுபோனார், பாய்மரத்தடியில் உட்கார்ந்து மரம் எந்த மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிடக் கொடுமை, கதை காட்டுக்குள் வந்தாலும் வேலை இல்லை. ரேஞ்சர் இருந்தால் வழி தவறாது, நடை தாமதமாகாது, உணவு இரட்டிப்பாகக் கிடைக்கும். அப்புறம் டிஎம் எதை ஆடுவார்? "மூன்று நாளில் போய்ச் சேர்ந்தீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நான் சிறந்து விளங்க வேண்டிய இடம் நான் இருப்பதாலேயே காணாமல் போனது. 2020 துணைப் புத்தகத்தில் ஃபேவர்ட் ஃபோ என்று ஒன்று வந்தது, நான்குமுகப் பகடை, அதற்கும் கான்சன்ட்ரேஷன். யாருக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பாசம் என்று தெரியவில்லை.

கோபத்தில் வழி மாறிவிட்டேன், ரேஞ்சருக்கு அழகில்லை, மன்னிக்கவும். நீங்கள் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். இப்போதைய ரேஞ்சரில் எக்ஸ்பர்டீஸ் (திறனில் தனித் தேர்ச்சி) உண்டு, ஆறாம் லெவலில் நடைவேகம் 10 அடி கூடுகிறது, சுவர் ஏறவும் நீந்தவும் அதே வேகம். குளூம் ஸ்டாக்கர் என்ற ரேஞ்சர் உட்பிரிவை எடுத்தவர்கள் இருட்டில் என்ன ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். கிளாஸ் பலவீனமானது என்று நான் சொல்லவே இல்லை. வில்லும் நன்றாக இருக்கிறது, ஸ்பெல்லும் நன்றாக இருக்கிறது, இரண்டையும் ஒரே இரவில் எடுக்க விடுங்கள் என்கிறேன்.

உங்கள் மேசையில் நீங்களே மாற்றிக்கொள்ளுங்களேன் என்பீர்கள். எங்கள் டிஎம் அடுத்த வாரத்திலிருந்து அனுமதிப்பதாகச் சொல்லிவிட்டார், நல்ல மனிதர். ஆனால் புதிதாக வருபவர் தெரியாத மேசையில் உட்கார்ந்து, புத்தகத்தில் இருப்பதைத்தான் ஆட முடியும். அவரும் மூன்று கட்டங்கள் வரைவார்.

ஆகவே அடுத்த திருத்தப் பட்டியல் தயாராகும்போது, ஆறாம் லெவலுக்கு நேராக இந்த வரியைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க்குக்குக் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை.

இப்படிக்கு,
காலிக் கட்டங்களுடன் ஒரு ஏழாம் லெவல் ரேஞ்சர்

பி.கு.: பீஸ்ட் மாஸ்டர் என்ற ரேஞ்சர் உட்பிரிவின் விலங்கை ஏவவும் முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன், மார்க் போடவும் போனஸ் ஆக்‌ஷன். அதைப் பற்றித் தனி மடல் வரும்.