தகரத்தில் ஓடும் வெளிச்சம்

டிராய், மிச்சிகன்
7 நவம்பர் 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும், அம்மா, ஆத்தா, தங்கச்சி எல்லோருடைய நலமும் அறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை போனில் "அங்க வண்டியெல்லாம் எப்படி கண்ணு இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது.

மற்ற செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயந்திரம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அறையில் என்னோடு இருக்கும் திருச்சிக்காரர் குழம்பு வைக்கிறார், நான் ரசம் வைக்கிறேன். பக்கத்தில் பாண்டியாக் என்று ஓர் ஊர், அங்கே பராசக்தி கோயில் இருக்கிறது, மாதம் ஒரு தடவை போய் வருகிறோம். (இங்கே பாண்டியாக் என்றால் காருக்கும் பெயர், ஊருக்கும் பெயர்.) தீபாவளிக்கு வர முடியவில்லை என்று அம்மா வருத்தப்பட வேண்டாம். பணம் இருபதாம் தேதிக்குள் வந்துவிடும். முதலில் உங்கள் முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

இங்கே ரோட்டில் ஓடும் கார்களில் பாதிக்கு மேல் குளித்துத் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரிதான் இருக்கின்றன. பானட் எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் எல்லாம் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போகும். கிரைஸ்லர் கம்பெனியே 1993 மாடலிலிருந்து அப்படித்தான் பெரிய கார்களைச் செய்துவந்தது. முன் கண்ணாடியை முன் சக்கரத்துப் பக்கம் தள்ளி, பானட்டைக் குட்டையாக்கி, உள்ளே உட்காரும் இடத்தைக் கூட்டினார்கள். 'கேப் ஃபார்வர்ட்' என்று அதற்குப் பெயர். முன் சக்கரமே வண்டியை இழுக்கும்.

கிரைஸ்லர் என்றால் உங்களுக்கு யாரோ போலத் தோன்றலாம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாடி கட்டினேன் என்று சொல்வீர்களே, பார்கோ லாரி, டாட்ஜ் லாரி, அதெல்லாம் இவர்கள் வண்டிதான். பம்பாயில் பிரீமியர் கம்பெனி இவர்களோடு ஒப்பந்தம் போட்டுச் செய்தது. ஆகவே இது உங்கள் கை பட்ட குடும்பம்தான்.

அந்தக் கம்பெனி இந்த வருடம் ஒரு செடான் இறக்கியிருக்கிறது. பெயர் கிரைஸ்லர் 300. இதற்கு முன் 300 எம் என்று இருந்ததை எடுத்துவிட்டு, அடியிலிருந்து புதிதாக வரைந்திருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கருப்பு நிறத்தில் ஒன்று வாங்கினார். கறுப்பினத்தவர், முப்பது வருடமாக டை செய்கிறவர். என் வேலை தெரியுமல்லவா, தகரத்தை அழுத்தி உருவம் கொடுக்கும் டையைக் கம்ப்யூட்டரில் வரைவது. நான் வரைந்ததை இரும்பில் செய்து, பிரஸ்ஸில் ஏற்றி, முதல் தகரத்தை அடித்துப் பார்ப்பவர் அவர். முதல் நாள் அவர் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, சாப்பாட்டு நேரம் முழுவதும் நான் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

முதலில் கண்ணில் படுவது அதன் நிற்கும் தோரணை. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணாடி ஒரு பங்கு, தகரம் இரண்டு பங்கு. ஜன்னல்கள் ஒடுங்கி, கூரை தாழ்ந்து, அதற்குக் கீழே அகலமான தகரச் சுவர். பஸ் பாடியில் ஜன்னலுக்குக் கீழே எவ்வளவு ஷீட் நிற்கிறதோ அவ்வளவு கம்பீரம் என்பீர்களே, அந்தக் கணக்கை இவர்கள் காரில் போட்டிருக்கிறார்கள். சக்கரமும் பெரிசு. 300 சி என்ற உயர்ந்த மாடலுக்கு 18 அங்குல வீல். இவ்வளவு தகரத்துக்குச் சின்ன வீல் போட்டிருந்தால் வண்டி தரையில் உட்கார்ந்த மாதிரி ஆகியிருக்கும்.

பெரியவரிடம் கேட்டுக்கொண்டு டேப் வைத்து அளந்தேன். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை சரியாக 10 அடி. அம்பாசடருக்கு 8 அடி 1 அங்குலம்தான். மொத்த நீளம் 16 அடி 5 அங்குலம். ஆனால் உயரம் 4 அடி 10 அங்குலம், அம்பாசடரைவிடத் தாழ்வு. இந்த அளவுகள் உங்கள் மனதில் தானாகவே படமாகிவிடும் என்று தெரியும்.

இந்த உருவம் எப்படி வந்தது தெரியுமா அப்பா? வண்டியை இழுக்கும் வேலையைத் திரும்பவும் பின் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், நம் அம்பாசடர் மாதிரியே. கிரைஸ்லரும் பென்ஸும் 1998இல் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அதனால் பின்பக்க சஸ்பென்ஷனும் கியர் பாக்ஸும் பென்ஸ் வழியில் வந்திருக்கின்றன. முன் சக்கரத்துக்கு இழுக்கும் பாரம் இல்லாததால் அதை முன்மூலைக்குத் தள்ள முடிந்தது. சக்கரம் முன்னே போனதும் பானட் நீண்டது, மூக்கு குட்டையானது, ஆள் உட்காரும் இடம் பின்னே நகர்ந்தது. முன் கதவுக்கும் சக்கர வளைவுக்கும் நடுவில் ஒரு சாண் தகரம் வெறுமனே நிற்கிறது. அந்த ஒரு சாண்தான் என் கண்ணுக்கு இந்தக் காரின் அழகே. மற்றக் கார்களில் கதவைத் திறந்தால் உடனே சக்கரம் வந்து முட்டும். இதில் வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பிறகு சக்கரத்துக்குப் போகிறது.

முன்முகம் நிமிர்ந்து நிற்கிறது. பெரிய கிரில், அதில் கட்டம் கட்டமாகக் குரோமியம், மேலே இறக்கை விரித்த சின்னம். பென்ட்லி என்ற இங்கிலாந்துப் பணக்காரக் காரைப் பார்த்துச் செய்துவிட்டார்கள் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை இங்கே உட்வர்ட் அவென்யூ என்ற ரோட்டில் பழைய கார்களெல்லாம் ஊர்வலமாகப் போகும், தேர் பார்க்கிற மாதிரி ஜனங்கள் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் 1955ஆம் வருடத்து கிரைஸ்லர் சி-300 ஒன்று போனது. 300 குதிரைத்திறன் என்ஜின், அதனால்தான் அந்தப் பெயர். வர்ஜில் எக்ஸ்னர் என்பவர் வரைந்தது. அவர்களுடைய இம்பீரியல் காரின் கிரில்லையே எடுத்து அதற்குப் பொருத்தியிருந்தார்கள், நடுவில் பிரிந்து இரண்டாக நிற்கும். அந்தக் கட்டங்களைப் பார்த்த கண்ணோடு இந்தப் புதுக் காரைப் பார்த்தேன். இதன் முகம் சொந்தத் தாத்தாவுடையது.

இப்போது முக்கியமான விஷயம். போன வாரம் வேலை முடிந்து இருவரும் வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. பார்க்கிங்கில் உயரமான கம்பத்தில் விளக்கு. நான் நீங்கள் செய்வது போலவே, பின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தகரத்தின் மேலாக முன்பக்கம் பார்த்தேன். கம்பத்து விளக்கின் வெளிச்சம் டிக்கி விளிம்பில் தொடங்கி, பின் கதவு, முன் கதவு, மட்கார்டு என்று ஹெட்லைட் வரை ஒரே கோடாக ஓடியது. கதவு இடைவெளிகளில் கோடு வெட்டுப்படுகிறதே தவிர, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பின் சக்கரத்துக்கு மேலே மட்டும் கொஞ்சம் அகலமாகி, மறுபடி மெலிந்தது. அதுவும் வேண்டுமென்றே செய்தது. அந்த இடத்தில் தகரம் லேசாக உப்பி, சக்கரத்தைத் தோளில் சுமப்பது போல நிற்கிறது. கருப்பு பெயிண்ட் பொய் சொல்லாது என்பீர்கள். உண்மைதான்.

பெரியவர் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும், "இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். எங்கள் அப்பா என்றேன். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர், கையில் துணியைப் போட்டுத் தடவியே ஒடுக்கு எங்கே என்று சொல்லிவிடுவார் என்றேன். அவர் மறுநாள் என்னைப் பிரஸ் பக்கம் கூட்டிப்போனார். அடித்து வந்த தகரத்தின் மேல் ஒரு நீளமான எண்ணெய்க்கல்லை வைத்து லேசாக இழுத்தார். கல் பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தது. படாத இடம் அப்படியே இருந்தது. அதுதான் பள்ளம். பிறகு எண்ணெய்த் துணியால் தகரத்தைத் துடைத்து டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பினார். நீங்கள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு எங்களை டியூப் லைட்டைப் பிடிக்கச் சொல்வீர்களே, அதே வேலை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், மொழி தெரியாத ஒருவர் உங்களைப் போலவே தலையைச் சாய்த்துத் தகரத்தைப் பார்க்கிறார்.

இந்தக் காரை வரைந்த குழுவின் தலைவர் ரால்ஃப் ஜீல் என்பவர். வயது 34தான். பெற்றோர் ஹெய்ட்டித் தீவிலிருந்து வந்தவர்கள். அவர் நியூயார்க்கில் பிறந்து, கனடாவில் மாண்ட்ரியாலில் வளர்ந்திருக்கிறார். பையனாக இருக்கும்போது ஓயாமல் கார் படம் வரைவாராம். அதைப் பார்த்த அவருடைய அத்தையோ சித்தியோ, கிரைஸ்லரின் தலைவராக இருந்த லீ ஐயகோக்காவுக்கே, எங்கள் பையன் நன்றாக வரைகிறான் என்று கடிதம் எழுதிவிட்டார். கம்பெனியிலிருந்து பதிலும் வந்ததாம், இந்த இந்தக் கல்லூரியில் படிக்கச் சொல்லுங்கள் என்று. அவர் டெட்ராய்ட்டில் அந்தப் படிப்பைப் படித்து, 1992இல் அதே கம்பெனியில் சேர்ந்தார். இதைப் பெரியவர் சொல்லும்போது சொந்த வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு பெருமை. கார் தயாராவது எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில் பிராம்ப்டன் என்ற ஊரில்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜன்னல் ஒடுக்கம். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்; அம்மா உயரத்துக்கு வெளியே வேடிக்கை பார்ப்பது சிரமம்தான். பின் தூண் அகலமாக இருப்பதால் ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது. பின்பக்கமும் முன்பக்கத்து அளவுக்கு மனதில் நிற்கவில்லை. முன்னால் அவ்வளவு துணிச்சலாக வரைந்த கை, டிக்கிக்கு வரும்போது கொஞ்சம் அடக்கி வாசித்துவிட்டது போல எனக்குப் பட்டது. அப்புறம், இன்னும் சில வாரத்தில் பனி கொட்டத் தொடங்கினால் ரோடெல்லாம் உப்பைப் போடுவார்கள். டெட்ராய்ட் ஊருக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பு சக்கர வளைவுக்குள் ஏறித் தகரத்தைத் தின்னும். பெரியவர் இப்போதே வாரம் தவறாமல் அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விலை இருபத்துமூவாயிரம் டாலருக்கு மேல் தொடங்குகிறது. எனக்கு இப்போதைக்கு எட்டாது, எட்ட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பார்க்கிங்கில் தினமும் பார்க்கிறேன், போதும்.

இதோடு ஆறு போட்டோ வைத்திருக்கிறேன். நாலாவது போட்டோவைத் தங்கச்சியிடம் லென்ஸ் வாங்கி வைத்துப் பாருங்கள். கூரையிலிருந்து இறங்கும் பின் தூண், பின் சக்கர வளைவு, கதவு விளிம்பு மூன்றும் சேரும் இடம். எங்கேயும் ஜாயிண்ட் தெரியவில்லை. பிரஸ்ஸில் ஒரே ஷீட்டாக இழுத்துவிட்டார்கள். இதைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் ஒன்று கேட்டார்: "உங்கள் அப்பா இதையே சுத்தியலும் மண் பையும் வைத்துக் கையால் செய்வதென்றால், எத்தனை துண்டாக வெட்டுவார்? வெல்டிங்கை எங்கே ஒளிப்பார்?" மூன்று துண்டு இருக்கும் என்று நான் ஒரு குத்துமதிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை. போட்டோவின் மேலேயே பென்சிலால் கோடு போட்டு, மறக்காமல் தபாலில் அனுப்புங்கள். அவர் தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்