கொடைக் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமார்களுக்கு, வணக்கம்.

நம் கோயில் திருவிழாவான சித்திரைக் கொடையில் விடிய விடியக் குழாய் ஒலிபெருக்கி அலறியது உங்களுக்குத் தெரியும். காது இரைச்சலோடு வாழ்கிறவர்கள் கேட்பது இதுதான்: இரவு பத்து மணிக்கு ரேடியோ செட்டை நிறுத்துங்கள்; அதுவரை ஸ்பீக்கர் பெட்டிகளைக் கோயில் முற்றத்தைப் பார்த்து வையுங்கள்.

"காதுல பஞ்சை வச்சிட்டுப் படுங்க" என்கிறீர்கள். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் பழுதானால், குறைந்துபோன ஒலியை ஈடுகட்ட மூளை தன் கவனிப்பைக் கூட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் அதனால்தான் வெளியே சத்தம் இல்லாதபோதும் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல் ஓயாமல் கேட்கிறது. பஞ்சு வைத்தால் ஃபேன் சத்தமும் தெருப்பேச்சும் அடங்கி, உள்ளே இருக்கும் கீச்சு இன்னும் பெரிதாகும். பெட்டியின் அதிர்வோ பஞ்சையும் தாண்டி வந்துவிடும். பந்தல் பிரித்த பிறகும் சிலருக்குப் பல நாள் அந்த இரைச்சல் இறங்காது.

ஆஸ்பத்திரியிலும் "மருந்து கிடையாது, பழகிக்கோங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். அழுக்கு அடைத்திருக்கிறதா, 4000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சு ஒலியில் கேட்கும் திறன் சரிந்திருக்கிறதா என்று பார்க்கவாவது வேண்டாமா? திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? அந்த முறையீட்டை அவர்களிடம் வைப்போம். உங்களிடம் கேட்பது கொடையைப் பற்றி.

இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புக்கு இரவில் 45 டெசிபல்தான் அளவு. பெட்டி முன்னால் ஆடும் பிள்ளைகளையும் பாருங்கள்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்கு.

நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடைக்கு மேளமும் வில்லுப்பாட்டும் மகுடம் என்னும் பறையும் போதும். மைக் வராத காலத்திலும் சுடலைமாடசாமி அந்தச் சத்தத்துக்கு இறங்கி வந்தவர்தானே.

மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: குழாய் வேண்டாம், சின்னப் பெட்டிகள் நாலு, ஆள் உயரத்தில், வீடுகளுக்கு முதுகு காட்டி. பெட்டி கூட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் குறைந்த சத்தமே போதும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். ஆம்ப்ளிஃபயர் குமிழை ஓர் அளவில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தால் செட்காரர் காதே மந்தமாகி, தெரியாமலே கூட்டிக்கொண்டு போவார்.

பத்து மணிக்கு நிறுத்துங்கள், பெட்டியைத் திருப்புங்கள். ஆடிக் கொடைக்குப் பந்தக்கால் நாட்டும் முன் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காது இரைச்சலோடு வாழும் ஊர்க்காரர்கள்