பெற்றோருக்குக் கடிதம்: அடுத்த மாதம் நம் வானில் பறக்கவிருக்கும் பழைய விமானங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

நம் பள்ளிக்குப் பின்புறமுள்ள சிறிய விமானத்தளத்துக்கு அடுத்த மாதம் பழைய விமானங்கள் சில வந்து தங்கிப் பறக்கவிருக்கின்றன. அதே வாரங்களில் ராணுவப் பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அங்கே இறங்கி ஏறும் என்று தள நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்திருக்கிறது. செய்தி பரவிய நாளிலிருந்து பள்ளி அலுவலகத்தின் தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் சத்தத்தை எப்படி நிறுத்தப்போகிறீர்கள் என்கிறார்கள். மீதிப் பேர் விடுமுறை உண்டா என்கிறார்கள். சத்தம் என் கையில் இல்லை. விடுமுறை என் கையில்தான் இருக்கிறது, ஆனால் தருவதாக இல்லை.

வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும். ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்த வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். தலைக்கு மேல் எண்பது, தொண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள இயந்திரம் ஒன்று முழங்கிக்கொண்டு போகும்போது கரும்பலகையைப் பார் என்று பிள்ளையை அதட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது கடந்து போகட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும், பிறகு பாடம் தொடரும். உயர் வகுப்புகளின் தேர்வுகளை மட்டும் காலையின் முதல் மணிகளுக்கு மாற்றியிருக்கிறோம். அந்த நேரத்தில் பறப்பதில்லை என்று தள நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

எல்லா நாளும் ஒரே அளவு சத்தம் இருக்காது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த ஓட்டத்திலேயே இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைத்துவிடும். நீளம் குறைந்த ஓடுபாதையில் அது பெரிய விஷயம். ஆகவே காற்று ஒரு பக்கம் அடித்தால் விமானங்கள் நம் கூரைக்கு மேலே வரும், திரும்பி அடித்தால் மறுபக்கம் போய்விடும். தளத்தின் ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பள்ளியின் மாடியிலிருந்தே தெரியும். ஆறாம் வகுப்பு மாணவர்கள் தினமும் காலையில் அதைக் குறித்துவைத்து, அன்றைக்கு நமக்கு இரைச்சல் உண்டா இல்லையா என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள். தவறினால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வரவிருக்கும் பழைய விமானங்களில் சிறியது டைகர் மாத். 1931இல் முதன்முதலாகப் பறந்தது. இறக்கைகள் மரச்சட்டத்தில் துணி போர்த்தி, மேலே பசைப்பூச்சு பூசி இறுக்கப்பட்டவை. என்ஜின் 130 குதிரைத்திறன்தான். இன்றைய கார்கள் பலவற்றில் அவ்வளவு உண்டு. பழைய அமைப்பிலுள்ள டைகர் மாத்துக்கு பிரேக்கே கிடையாது. காற்று பலமாக இருந்தால் தரையில் உருளும்போது ஆட்கள் இறக்கை நுனியைப் பிடித்தபடி கூடவே நடப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகளில் ஆயிரக்கணக்கானோர் முதலில் இதில்தான் கற்றார்கள்.

டைகர் மாத்தில் கற்றவர்கள் அடுத்த கட்டமாகப் பயின்ற விமானம் ஹார்வர்டு. நீங்கள் புகார் சொல்லப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான் இருக்கும். அதன் 600 குதிரைத்திறன் என்ஜின் இடையில் வேகம் குறைக்கும் பற்சக்கரம் எதுவுமின்றி புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றுகிறது. ஏறும்போது புரொப்பெல்லரின் நுனி ஏறக்குறைய ஒலியின் வேகத்தை எட்டிவிடும். காதைக் கிழிப்பதுபோல் கேட்கும் அந்த அலறல் பெரும்பாலும் நுனியிலிருந்து வருவதுதான், என்ஜினிலிருந்து அல்ல. இயற்பியல் ஆசிரியை இதற்காகவே காத்திருக்கிறார்.

டகோட்டா என்ற இரட்டை என்ஜின் போக்குவரத்து விமானமும் வருகிறது. அதன் மூல வடிவமான டிசி-3 முதன்முதலாகப் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. ரைட் சகோதரர்கள் பறந்ததும் அதே டிசம்பர் 17, 1903இல். இடையில் 32 ஆண்டுகள்தான். மரமும் துணியுமாக ஒரு நிமிடம்கூடப் பறக்காத கருவியிலிருந்து பயணிகள் உறங்கிக்கொண்டு போகும் உலோக விமானம் வரை வந்துவிட்டோம். டகோட்டாவின் என்ஜின்களில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பதால், நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் கீழுள்ள சிலிண்டர்களில் வடிந்து சேரும். அதைத் தள்ளாமல் கிளப்பினால் என்ஜின் உடையக்கூடும். அதனால் முதலில் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவார்கள். கிளம்பும்போது குபீரென்று வெண்புகை வரும். தீப்பிடித்துவிட்டது என்று யாரும் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டாம்.

ராணுவ ஜெட்டுகள் வேறு கணக்கு. ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமானத்தின் ஒலி நம்மை எட்ட ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். மணிக்கு 700 கிலோமீட்டரில் போகும் ஜெட் அதற்குள் 600 மீட்டர் அளவுக்கு முன்னே போயிருக்கும். சத்தம் வரும் திசையில் தேடும் பிள்ளைக்கு வானம்தான் தெரியும். எவ்வளவு முன்னே பார்க்க வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டுக்கணக்காகக் கொடுத்திருக்கிறோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கணக்கு என்றதும் பிள்ளைகளிடம் நான் சொல்லவிருக்கும் ஒரு செய்தி. 1934இல் பிரிட்டனில் ஃபிரெட் ஹில் என்ற அரசு அதிகாரி, புதிய போர் விமானங்களுக்கு நான்கு துப்பாக்கிகள் போதாது, எட்டு வேண்டும் என்று வாதிட்டார். அதற்கான கணக்குகளையும் வரைபடங்களையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவரோடு உட்கார்ந்து போட்டவர் அவருடைய மகள் ஹேசல். வயது 13. 1936இல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம் பின்னர் எட்டுத் துப்பாக்கிகளோடு போருக்குப் போனது. ஹேசல் பிற்காலத்தில் மருத்துவரானார். அதே ஸ்பிட்ஃபயரின் என்ஜின் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது எரிபொருள் சீர்கெட்டு இருமியது. 1941இல் துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றைப் பொருத்தி அதைச் சமாளித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். கணிதம் எதற்கு உதவும் என்று என்னைக் கேட்கும் மாணவிகளுக்கு இந்த இருவரையும் காட்டுவேன்.

ஆனால் ஹேசலின் கணக்கு எதைப் பற்றியது என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன். இன்னொரு விமானத்தை, அதில் இருந்த மனிதர்களோடு, சில விநாடிகளில் வீழ்த்த எத்தனை குண்டுகள் தேவை என்பதுதான் அந்தக் கணக்கு. போன முறை ஒரு பழைய போர் விமானம் இங்கே வந்தபோது இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "இது எத்தனை பேரைக் கொன்றிருக்கும்?" என்று கேட்டான். அருகிலிருந்த பெரியவர்கள் சிரித்துப் பேச்சை மாற்றினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்று கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அதுதான். வரலாற்று ஆசிரியர் இம்முறை அதிலிருந்தே தொடங்குவார். டகோட்டா 1944 ஜூனில் பாராசூட் வீரர்களை பிரான்சின் நார்மண்டியில் இறக்கியது, 1947 அக்டோபர் 27இல் இந்தியப் படையினரை ஸ்ரீநகரில் கொண்டுவந்து இறக்கியது, 1948இல் சாலைகள் அடைக்கப்பட்ட பெர்லினுக்கு உணவு சுமந்தது. எல்லாம் ஒரே வகை விமானம். வீட்டில் பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பேசுங்கள். குடும்பத்தில் போரையோ குண்டுவீச்சையோ கண்டவர்கள் இருந்து, தாழப் பறக்கும் விமானச் சத்தம் அவர்களையோ பிள்ளையையோ வாட்டும் என்றால், வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் உட்புறமுள்ள நூலகம் அந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். சத்தத்தைத் தாங்க முடியாத மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படியே. காதுக்கவசங்களும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இனி கண்டிப்பான பகுதி. பள்ளி விட்டதும் பிள்ளைகள் தனியாக விமானத்தள வேலியோரம் போகக் கூடாது. வாலின் அடியில் சிறு சக்கரம் கொண்ட பழைய விமானம் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும். விமானிக்கு நேர் எதிரே எதுவும் தெரியாது. அதனால்தான் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து உருட்டிச் செல்கிறார். சுழலும் புரொப்பெல்லர் கண்ணுக்கே தெரியாது. ஹெலிகாப்டர் கிளப்பும் காற்று கல்லையும் தகரத்தையும் தூக்கி எறியும். டிரோன், பட்டம், லேசர் விளக்கு மூன்றுக்கும் தடை. லேசரை விமானத்தை நோக்கி அடிப்பது விளையாட்டல்ல, இறங்கும் நேரத்தில் விமானியின் பார்வையை அது மறைத்துவிடும். அப்படிச் செய்யும் மாணவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பேன். பரிந்துரைக்கு யாரும் வர வேண்டாம். தின்பண்டக் குப்பையை வேலியோரம் வீசினால் பறவைகள் கூடும். பறவையும் பிளாஸ்டிக் பையும் ஜெட் என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாரையும் மூன்றாம் வாரத்தில் தளத்துக்கு அழைத்துச் செல்கிறோம். கட்டணம் இல்லை. மூடிய காலணியும் தொப்பியும் போதும். ராணுவ விமானங்களை எங்கே நின்று படம் எடுக்கலாம் என்பதை அங்குள்ள அலுவலர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்கக் கூடாது. மேகம் தாழ்ந்திருந்தாலோ குறுக்குக்காற்று பலமாக அடித்தாலோ பழைய விமானங்கள் கொட்டகையை விட்டு வெளியே வரமாட்டா. அப்படி ஆனால் பிள்ளைகள் அவற்றைக் கொட்டகைக்குள்ளேயே நின்று பார்ப்பார்கள், பயணம் ரத்தாகாது. ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், சென்ற முறைபோல் பிள்ளையினுடையதாக வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்