தூண் இல்லாத 88 அடி

எடிசன், நியூஜெர்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கல்யாணி,

நாங்கள் எல்லோரும் நலம். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சீதா சொன்னாள், நிம்மதி. பொங்கலுக்கு நீ அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் வரவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

ஒரு வீடு பார்த்திருக்கிறோம். நியூயார்க்கில், மன்ஹாட்டனின் சோஹோ பகுதியில். பழைய துணிக் கிடங்கு ஒன்றின் மூன்றாவது மாடி முழுவதும் ஒரே லாஃப்ட். நம் ஊர்ப் பரண் இல்லை, கிடங்கு மாடியையே வீடாக்கிய ஒரே பெரிய கூடம். கேட்கிற விலை 28 லட்சம் டாலர், நம் ஊர்க் கணக்கில் 24 கோடி ரூபாய் பக்கம். இவருடைய கம்பெனிப் பங்குகளையும் எடிசன் வீட்டையும் விற்றால் பாதிக்கு மேல் தேறும். மீதி கடன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாயா? சரி, மேலே படி.

நீளம் 88 அடி, அகலம் 23 அடி. நடுவில் ஒரு தூண் கூடக் கிடையாது, கல்யாணி. அந்தத் தெருவில் மனைகள் 25 அடி அகலம்தான் என்பதால், இந்தச் செங்கல் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே பாய்ச்சலில் உத்திரக் கட்டைகளைப் போட்டுவிட்டார்கள். கூரை 12 அடி உயரத்தில், பூவேலை செய்த தகரத் தகடு பதித்தது. தெருவைப் பார்த்து மூன்று பெரிய ஜன்னல், பின்பக்கம் மூன்று. முகப்பு முழுக்க வார்ப்பிரும்பு. சாமான் ஏற்றுகிற பழைய லிஃப்டில்தான் ஏறிப் போனோம். நீ வந்திருந்தால் லிஃப்டை விட்டே இறங்கியிருக்க மாட்டாய். இரண்டு தெரு தள்ளி, பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கிற முனையில் ஹாவொட் கட்டடம் இருக்கிறது. 1857இல் ஓட்டிஸ் அங்கேதான் ஆட்கள் ஏறிப்போகும் லிஃப்டைப் போட்டார். கல்லூரியில் எங்களையெல்லாம் உட்கார வைத்து நீ பாடம் எடுத்தாயே, அதே ஓட்டிஸ்தான்.

விற்கிறவர் ஓவியர். எழுபது எண்பது வயது இருக்கும். 1970களிலிருந்து அங்கேயே இருந்து வரைகிறார். வடக்கு ஜன்னல் அருகே தரையில் பல வருஷத்துச் சாயம் தட்டுத்தட்டாக உறைந்து கிடந்தது. நீலத்துக்கு மேல் காவி, காவிக்கு மேல் வெள்ளை. மற்ற இடமெல்லாம் மேப்பிள் பலகை, நடந்து நடந்து மழுமழுவென்று ஆகியிருக்கிறது. நாட்டிய வகுப்பு முடித்து நேராகப் போயிருந்ததால் பையில் தாளம் தட்டுகிற தட்டுக்கழி இருந்தது. அதைச் சுவரோரம் தரையில் வைத்தேன். மெதுவாக உருண்டு கூடத்தின் நடுவுக்குப் போய் நின்றுவிட்டது. தரகர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நடுவில் இறக்கம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன். இதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும், கீழே வருகிறேன்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு என்று கேட்பாய். நான் வகுப்பு எடுக்கிற இடம் உனக்குத் தெரியும். சர்ச் அடித்தளம், கான்கிரீட்டுக்கு மேல் ஒட்டின வினைல். போன மாதம் பதினான்கு வயசுப் பெண் ஒருத்தி முன்னங்கால் எலும்பில் வலி என்று உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எலும்பில் மயிரிழை விரிசல் என்றார். மூன்றாம் காலத்தில், அதாவது ரொம்ப வேகமாக, தட்டடவு போட்டுக்கொண்டிருந்தவள் அவள். எனக்கு உடனே உன் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. நாம் நாட்டியம் கற்ற மேலவீதி வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரை நமக்கு எவ்வளவு பிரியம்! பத்மா மாமி குளிரக் குளிரத் துடைத்து வைத்திருப்பார். ஆனால் அந்தத் தரைதான் உன்னை முப்பத்தைந்து வயதில் ஆட்டத்தை விட வைத்தது. டீச்சர் 'அரைமண்டி எங்கேடி, அம்மாப்பேட்டைக்கா போயிருக்கு' என்று கத்தும்போதெல்லாம் நீ வலியோடு உட்கார்ந்தாய் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடியில் கொஞ்சம் காற்றும் மரமும் இருந்தால் தரை அடியை வாங்கிக்கொள்ளும். இங்கே நாட்டியம், பாலே எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தரை போடுகிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் ஏன் கான்கிரீட்டில் தட்ட வேண்டும்?

இப்போது விலைக்கு வருகிறேன். 2,024 சதுர அடி என்று வைத்தால் சதுர அடிக்கு 1,383 டாலர். அந்த வட்டாரத்துக்கு இது மலிவு என்று தரகர் சொல்கிறார், மலிவுதான். மலிவாக இருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. இது கோ-ஆப் கட்டடம். நாம் வாங்குவது வீட்டை இல்லை, கட்டடத்தை வைத்திருக்கிற நிறுவனத்தில் பங்குகளை. அந்தப் பங்குக்காக அந்த மாடியில் குடியிருக்க உரிமை கொடுப்பார்கள். நிர்வாகக் குழு நம்மை நேரில் பார்த்துப் பேசும், பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்றுவிடலாம். வாடகைக்கு விடவும் அவர்களைக் கேட்க வேண்டும். மாதாமாதம் பராமரிப்பு 3,600 டாலர். முகப்பு இரும்புக்கு வர்ணம் அடிக்கிற வேலை வரப்போகிறது, அதற்குத் தனியாகப் பங்கு கேட்பார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்பதால் வாங்குகிறவர் கட்ட வேண்டிய வரி ஒன்று உண்டு. இந்த விலைக்கு 1.25 சதவீதம், அதாவது 35,000 டாலர். ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி, குளிர்காலத்தில் விசில் அடிக்கும். மாற்றலாம் என்றால் 1973லிருந்து அந்தப் பகுதியே பாதுகாக்கப்பட்ட வட்டாரம், நகரத்தின் பாரம்பரியச் சின்ன ஆணையத்தைக் கேட்காமல் ஒரு ஜன்னல் சட்டத்தைக்கூட மாற்ற முடியாது.

இன்னொன்று. 2,000 சதுர அடி என்றதும் நான்கு படுக்கையறை என்று நீ கணக்குப் போடுவாய். ஜன்னல் இரண்டு முனையிலும்தான். ஜன்னல் இல்லாத அறையைப் படுக்கையறை என்று இங்கே சொல்ல முடியாது. அதனால் முன்பக்கக் கூடத்தை விட்டுவிட்டால் பின்னால் இரண்டு அறை, நடுவில் சமையலும் குளியலும், அவ்வளவுதான். பெரிய குடும்பங்கள் திரும்பிப் போவது இதனால்தான். சின்னவளும் கல்லூரிக்குப் போய்விட்டாள், எங்களுக்கு இரண்டு அறை போதும். முன்னால் 45 அடி கூடம். மற்றவர்களுக்குக் குறையாகத் தெரிவது எனக்குத் தேவையானதாக இருக்கிறது. அதனால்தான் அந்த விலையை விட முடியவில்லை.

அப்புறம் பெரிய சிக்கல். அந்த மாடியில் யார் வேண்டுமானாலும் குடியிருக்க முடியாது. கலைஞர் குடியிருந்து வேலை செய்யும் இடம் என்றுதான் காகிதத்தில் இருக்கிறது. இது எப்படி வந்தது தெரியுமா? 1950களில் தொழிற்சாலைகள் காலியாக ஆரம்பித்து, அடிக்கடி தீப்பிடித்து, தீயணைப்புக்காரர்கள் அந்த இடத்துக்கு நரகத்தின் நூறு ஏக்கர் என்று பேர் வைத்திருந்தார்கள். நகரத்தின் சாலை, பாலத் திட்டங்களை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் அதன் குறுக்கே பத்து வழி விரைவுச்சாலை போட்டு எல்லாவற்றையும் இடித்துவிடப் பார்த்தார். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்து மக்களும் சேர்ந்து எதிர்த்து, 1969இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் ஓவியர்களும் சிற்பிகளும் ரகசியமாகக் குடியேறியிருந்தார்கள். சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் முழுசையும் 68,000 டாலருக்கு வாங்கினார் என்றால் பார்த்துக்கொள். 1971இல் நகரம் இறங்கி வந்து, கலைஞர்கள் மட்டும் இருக்கலாம் என்று சட்டப்படி இடம் கொடுத்தது. வீட்டில் ஒருவராவது நகரத்தின் கலாசாரத் துறையிடம் சான்று வாங்கியிருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். சான்று இல்லாதவர்கள் சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குக் கட்டிவிட்டுச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது வைத்தார்கள். அதை எதிர்த்து வழக்குக்கும் போனார்கள். எங்கள் மாடிக்கு அது இரண்டு லட்சம் டாலருக்கு மேல். இவர் உடனே, 'கட்டிவிட்டால் நாளைக்கு விற்பது சுலபம், அதையும் விலையில் சேர்த்துக்கொள்' என்கிறார். கணக்காகப் பார்த்தால் சரிதான்.

எனக்கு அப்படிக் கட்ட மனசு வரவில்லை, கல்யாணி. சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஓவியம், சிற்பம் என்று சொல்லிவிட்டு நடன அமைப்பையும் அதில் பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நவீன நடன அமைப்பாளர் திரிஷா பிரௌன் 1970இல் ஊஸ்டர் தெருக் கட்டடச் சுவரில் ஓர் ஆளைக் கயிற்றில் கட்டி மேலிருந்து கீழே நடக்க வைத்தார். அடுத்த வருஷம் சோஹோ மொட்டைமாடிகளில் ஆட்களை நிறுத்தி, ஒரு மாடியில் ஆடுகிற அசைவை அடுத்த மாடிக்காரர் பார்த்துப் பிடித்துக் கொடுக்க வைத்தார். அந்த வட்டாரத்தில் நாட்டியத்துக்கு அவ்வளவு உரிமை இருக்கிறது. அங்கே நான் பணத்தைக் கொடுத்து, நான் கலைஞர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நுழைய வேண்டுமா?

விண்ணப்பத்தில் சொந்தப் படைப்புகளைக் காட்டச் சொல்வார்கள். டீச்சர் சொல்லிக் கொடுத்த வர்ண உருப்படியை அப்படியே சொல்லிக் கொடுப்பவள் என்று மட்டும் இருந்தால் பதில் சொல்லத் தடுமாறியிருப்பேன். சங்கப் பாட்டுகளுக்கு நான் அமைத்தவை இருக்கின்றன. சிகாகோவில் ஆடின நெய்தல் உருப்படியைப் பார்த்து நீ ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டு அழுதாயே, அது இருக்கிறது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே வேலை என்று நினைத்துக்கொண்டு, அவற்றை ஓரமாக வைத்திருந்தேன். இப்போது அதையெல்லாம் எடுத்து அடுக்குகிறபோது, எனக்கு ஒரு கூடம் வேண்டும் என்பது பிள்ளைகளின் காலுக்காக மட்டும் இல்லை என்று தெரிகிறது. சான்றுக்கு விண்ணப்பிக்கத்தான் போகிறேன். நீ வேண்டாம் என்று சொன்னாலும் இதில் மாற்றம் இல்லை.

உன் முடிவு வேண்டியது தரைக்குத்தான். கோ-ஆப் விதிகளில் தரையில் எண்பது சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும் என்று இருக்கிறது. இங்கே பெரும்பாலான கோ-ஆப் கட்டடங்களில் அப்படித்தான், கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் போகக் கூடாது. பரதநாட்டியத்தைக் கம்பளத்தில் ஆடு என்றால் என்ன செய்வது? முன்பெல்லாம் கீழே ஒரு சிற்பி இருந்தாராம், சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் யார் எதைக் கேட்டார்கள். இப்போது அங்கே வேறு குடும்பம், கைக்குழந்தை இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து தத்தெய் தாம் போட்டால் அந்தக் குழந்தை எப்படித் தூங்கும்? சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தத் தாய் மேலே ஏறி வந்து நின்றால் என்னால் ஆட முடியாது.

நான் யோசித்திருப்பது இது. இருக்கிற பலகைக்கு மேல் ரப்பர் மெத்தைகள், அதன்மேல் கட்டைகள், இரண்டு அடுக்குப் பிளைவுட், அதற்கு மேல் புதுப் பலகை. நான்கைந்து அங்குலம் உயரும். 12 அடிக் கூரையில் அது தெரியாது. ஆனால் எடை கூடும், உத்திரமோ ஏற்கெனவே தொங்குகிறது. சரக்கு அடுக்கக் கட்டின மாடி, சும்மா கிடக்கிற எடையைத் தாங்கும் என்று இங்கிருக்கிற பொறியாளர் ஒருவர் சொன்னார். நம்முடையது சும்மா கிடக்கிற எடை இல்லையே. இரண்டாம் காலத்தில் நொடிக்கு இரண்டு மூன்று தட்டு, அதுவும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில். தரையின் சொந்த அதிர்வோடு அது ஒத்துப்போய்விட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். நாட்டியம் பார்த்ததில்லை என்றார். நீ நாட்டியமும் கட்டடப் பொறியியலும் தெரிந்தவள். பலகையை மேலிருந்து எடுத்து, பழைய கட்டை ஒவ்வொன்றோடும் புதுக் கட்டை ஒன்றைச் சேர்த்துப் போல்ட் போட்டால் போதுமா? இல்லை, நடுவில் இரும்பு வைக்க வேண்டுமா? வைத்தால் அதைத் தாங்க கீழ்வீட்டில் தூண் வருமா? அப்படியென்றால் பேச்சே இல்லை. கட்டைகளின் அளவு, இடைவெளி, ஓவியர் திறந்து காட்டின ஒரு மூலையின் படங்கள் எல்லாம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வகுப்பு என்ன ஆகும் என்றும் கேட்பாய். சனிக்கிழமை வகுப்பு நியூஜெர்சியிலேயே நடக்கும். பெற்றோர்களை ஹாலண்டு சுரங்கச் சாலையில் நிற்க வைத்து, சுங்கமும் கட்ட வைத்து, 2025 ஜனவரியிலிருந்து வாங்குகிற நெரிசல் கட்டணத்தையும் கட்டச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சர்ச் தரைக்கு மேல் மடக்கி வைக்கிற மரத்தரை ஒன்று வாங்கிப் போடப் போகிறேன், வீடு வந்தாலும் வராவிட்டாலும். லாஃப்ட் என் வேலைக்கும், பெரிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கும்.

விலையில் என் நிலை இதுதான். 25 லட்சத்துக்கு மேல் தர மாட்டேன். தரை வேலைக்கு ஆகிற செலவு அந்த மிச்சத்தில்தான் வர வேண்டும். நாட்டியப் பயிற்சிக்கு ஆட்சேபணை இல்லை, இன்ன மாதிரித் தரை போட்டால் கம்பள விதியிலிருந்து விலக்கு என்று குழு எழுத்தில் கொடுத்தால்தான் கையெழுத்து. வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன். 'இப்படி நிபந்தனை போட்டால் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்' என்கிறார் இவர். போகட்டும். தட்டக் கூடாத கூடத்தை 20 லட்சத்துக்குக் கொடுத்தாலும் எனக்கு அது விலை அதிகம்தான்.

வியாழக்கிழமைக்குள் விலை சொல்ல வேண்டும். புதன் ராத்திரி உங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், அதற்குள் படங்களைப் பார்த்து வை. என் மனசு நோகும் என்று மழுப்பாதே, கூடாது என்றால் கூடாது என்று சொல். சீதாவிடம் விலையை மட்டும் சொல்லிவிடாதே, சாயங்காலத்துக்குள் கும்பகோணம் வரை போய்விடும். உன் மாமியாருக்கு என் நமஸ்காரம். அந்த முழங்காலுக்கு பிசியோவிடம் போகிறாயா இல்லையா என்று உன் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், நீ உண்மை சொல்ல மாட்டாய்.

பிரியமுடன்,
வசந்தா