மலைமேல் இருக்கும் மகளுக்கு, முதல் வண்டி குறித்து

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளாசிக் 350, அப்பாச்சி, ஸ்பிளெண்டர் என்ற மூன்று வண்டிகளின் படங்களையும் பார்த்தேன். தொலைபேசியில் பேசினால் நீ ஒன்று சொல்ல, உன் அப்பா இடையில் புகுந்து வேறொன்று சொல்ல, ஏற்காட்டு நாகலூர்ப் பக்கம் சிக்னலும் விட்டுவிட்டு வர, கடைசியில் எதுவும் முடிவாவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ வண்டி வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை சாலையோரம் நிற்க வேண்டிய ஊரில் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு வண்டி ஆடம்பரம் ஆகாது. ஸ்கூட்டர் வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்று நீ சொல்வதும் எனக்குச் சம்மதமே.

உன் அத்தை நினைப்பதுபோல் அது வீம்பு இல்லை. ஸ்கூட்டரின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். மோட்டார் சைக்கிளின் சக்கரம் 17 அல்லது 18 அங்குலம். மழைக்குப் பின் எஸ்டேட் சாலைகளில் விழும் பள்ளங்களைச் சிறிய சக்கரத்தைவிடப் பெரிய சக்கரம் எளிதாகக் கடந்துவிடும். அதைவிட முக்கியமானது இறக்கம். கியர் வண்டியை இரண்டாம் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும்; ஸ்கூட்டரிலோ பெல்ட்டும் கிளட்சும் தாமாக இயங்குவதால் அந்தப் பிடிப்பு குறைவு. அதனால் பெரும்பாலான பளு பிரேக்கின்மேல் விழுந்து, அடிவாரம் வந்து சேர்வதற்குள் அது சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடலாம்.

ஆனால் உனக்கான ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணு. கல்லூரிக் காலத்திலிருந்து நீ ஓட்டியது ஸ்கூட்டர். அதில் இடது கையில் இருப்பது பிரேக். கியர் வண்டியில் அதே இடத்தில் கிளட்ச் இருக்கிறது. பதற்றத்தில் யோசனை வருவதற்கு முன்பே கை தனக்குப் பழகியதைச் செய்துவிடும். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் நீ இறங்கிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து சாலை முழுவதையும் அடைத்துத் திரும்புகிறது என்று வைத்துக்கொள். அந்த நேரத்தில் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு விடுபட்டு, அதுவரை வண்டியைப் பிடித்துவைத்திருந்த விசையும் இல்லாமல் போய், நிற்க வேண்டிய வண்டி முன்னிலும் வேகமாக உருளத் தொடங்கும். பின் பிரேக் வலது காலடியில் இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வராது. பின்னால் உட்கார்ந்து எச்சரிக்கும் எவராலும் இந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது. சமதளத்தில், குறைந்த வேகத்தில், நிறுத்தி, எடுத்து, திருப்பி, மறுபடி நிறுத்தி, கையும் காலும் தாமாகச் செய்யும்வரை பழகினால்தான் மாறும். அப்படிச் சலிக்காமல் பழகுவதற்கு இடம் கொடுக்கும் வண்டி எதுவோ அதுதான் உன் முதல் வண்டி.

வாகன இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் நான் எதையும் விபத்துக் கோப்பாகவே பார்க்கிறேன் என்று உன் அப்பா கேலி செய்வார். இருக்கட்டும். நான் படித்த படிவங்களில் வண்டிக்குப் போதிய வேகம் இல்லாததால் விழுந்தேன் என்று எவரும் எழுதியதில்லை. திரும்பும்போது நிலைதடுமாறி, பிரேக் பிடித்ததும் சறுக்கி, நிறுத்தும்போது கால் எட்டாமல் சாய்ந்து என்றுதான் எழுதியிருப்பார்கள். அதனால் நீ அனுப்பிய மூன்றையும் எஞ்சின் அளவைப் பார்த்து நான் வரிசைப்படுத்தவில்லை. எடை, உயரம், பிரேக் ஆகிய மூன்றையும் முதலில் பார்த்தேன்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 நல்ல வண்டி என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை கொடுப்பதால் மேட்டில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்காது என்று உன் அப்பா சொல்வது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு அவருடைய வாதம் இன்னும் வலுத்துவிட்டது. ஆனால் அதன் எடை 195 கிலோ, இருக்கையின் உயரம் 805 மில்லிமீட்டர். ஓடும்போது அந்த எடை தெரியாது. நிற்கும்போதும், தள்ளும்போதும், நடந்துபோகும் வேகத்தில் திருப்பும்போதும் அது முழுவதும் உன் காலிலும் இடுப்பிலும்தான் இறங்கும்.

ஏற்காட்டில் சமமான தரை எங்கே இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார். கடை வாசலில் பள்ளத்தை நோக்கி முன்சக்கரத்தை விட்டு நிறுத்திவிட்டால் திரும்பக் கிளம்பும்போது வண்டியைப் பின்னோக்கி மேட்டில் இழுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போகும் கியர் கிடையாது. 140 கிலோ வண்டியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிடலாம். 195 கிலோ வண்டியை ஈரத்தரையில் கால் வழுக்க இழுப்பதற்கு அதில் பழகிய உடம்பு வேண்டும், அல்லது போகிறவர் வருகிறவரைக் கூப்பிட வேண்டும். எந்த வண்டியானாலும் முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்குமாறு, முதல் கியரில் போட்டு நிறுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள். அப்படி நிறுத்த இடமில்லாத நாளும் வரும் என்பதற்காகத்தான் எடையைப் பற்றி இத்தனை சொல்கிறேன்.

அப்படியானால் இருப்பதிலேயே இலேசான ஸ்பிளெண்டரை வாங்கிக்கொள்கிறேன் என்பாய். அதன் எடை சுமார் 112 கிலோதான். மைலேஜும் நன்றாகக் கிடைக்கும். அதைப் பழுதுபார்க்கத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். சேலத்திலேயே வேலை என்றால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அதன் திறன் 8 குதிரைத்திறன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறைவதால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு திறனை இழக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகளில் எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறை இருப்பதால், பழைய கார்புரேட்டர் வண்டிகளைப்போல் மேலே போனதும் இருமிக்கொண்டு கரும்புகை விடுவதில்லை. ஆனால் குறைந்த காற்றுக்கு எந்த முறையும் ஈடு கட்டாது. நீ தனியாகப் போனால் அது ஏறிவிடும். நான் பின்னால் உட்கார்ந்தால் (என் எடையை இங்கே எழுதப் போவதில்லை) முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போக வேண்டும். பின்னால் வரும் வாகனங்களின் ஹாரனைக் கேட்டு நீ பதறுவாய்.

பிரேக்கைப் பார்த்தாலும் அந்த வண்டியை ஒதுக்க வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குக் கீழே உள்ளவற்றில் முன் பின் பிரேக்குகளைச் சேர்த்து இயக்கும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்பது அப்போது வந்த விதி. ஸ்பிளெண்டர் அந்தக் கீழ்வகையில்தான் வருகிறது. ஏ.பி.எஸ். என்பது சக்கரத்தின் சுழற்சியைச் சென்சார் மூலம் கவனித்து, பிரேக் அழுத்தத்தில் சக்கரம் இறுகி நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தித் தளர்த்திப் பிடிப்பது. புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்குவதுண்டு. சில்வர் ஓக் இலைகள் நனைந்து கிடக்கும் சாலையில் அப்படி இறுக்கினால் முன்சக்கரம் வழுக்கி, யோசிக்க அவகாசமே இல்லாமல் விழ வேண்டியதுதான். அதைத் தடுப்பதற்காகவே ஏ.பி.எஸ். உள்ள வண்டி உனக்கு வேண்டும் என்கிறேன். சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும். டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் டூயல் சேனலே இருக்கட்டும். அதே நேரத்தில், சரளைக் கற்களின்மேல் அது நிறுத்தும் தூரத்தைக் குறைத்துவிடாது, வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடிப்பதற்கு அது உத்தரவாதமும் தராது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

ஆகவே நீ இரண்டாவதாக அனுப்பிய 160 சிசி அப்பாச்சிதான் என் தேர்வு. எடை 140 கிலோவை ஒட்டி இருக்கும், திறன் ஸ்பிளெண்டரைப்போல் இரு மடங்கு, ஏ.பி.எஸ். உண்டு, நம் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் வண்டி என்பதால் உதிரி பாகத்துக்குத் திண்டாட வேண்டியதில்லை. அதே அளவில் வேறு நிறுவனத்தின் வண்டி உனக்குப் பிடித்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பந்தய வண்டிபோல் கைப்பிடி தாழ்ந்து, குனிந்து உட்காரும் வகை மட்டும் வேண்டாம். அவற்றில் கைப்பிடியை அதிகம் திருப்ப முடியாது, கொண்டை ஊசி வளைவில் எதிர்ப்பக்கம் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும். அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ளதாகப் பார். ஆணி ஏறினாலும் காற்று மெல்ல இறங்குவதால் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது என்று உன் தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறான். முதல் வண்டி கீழே விழத்தான் செய்யும், பழையதாக இருந்தால் மனம் வலிக்காது என்பது அவன் கட்சி. தவறான யோசனை இல்லை. ஆனால் 2019க்கு முந்தைய வண்டி என்றால் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்டுப் பார். கடனில் வாங்கியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் அந்தப் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார். சேசிஸ் எண்ணை வண்டியிலேயே தேடிப் படித்துச் சரிபார். விற்பனை முடிந்த 14 நாள்களுக்குள் காப்பீட்டை உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு. இவ்வளவும் சரியாக இருந்தால் என்னிடம் சொல், யோசிக்கலாம்.

உன் உரிமத்தில் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான அனுமதி மட்டும் என்பதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். கியர் வண்டி தனி வகை. அதற்கு எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டிச் சேர்க்க வேண்டும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். உரிமத்தில் இல்லாத வகை வண்டியை ஓட்டி விபத்தானால் வண்டியின் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடமுண்டு. காப்பீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிடுவார்கள், ஆனால் உன் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே இருக்கும். ஐந்து ஆண்டுக்கும் எல்லாம் இருக்கிறது என்று நம்பிப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் உண்டு.

ஹெல்மெட்டை வண்டியோடு இலவசமாகக் கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடு. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டைத் தலையில் போட்டு, கன்னம் இறுகப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தனியாக வாங்கலாம். மூடுபனிக்குக் கருப்புக் கண்ணாடி உதவாது, தெளிந்த கண்ணாடியாக இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் சேலை கார்டைக் கழற்றினால் வண்டி அழகாக இருக்கும் என்று எவராவது சொன்னால் கேட்காதே. துப்பட்டாவைப் பையில் வைத்துவிட்டு மேலே ஒரு கோட் போட்டுக்கொண்டு ஓட்டு.

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறைதானே, வெள்ளிக்கிழமை மாலையே இறங்கி வந்துவிடு. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் ஓமலூர் மெயின் ரோட்டு ஷோரூம்களுக்குப் போகலாம். நீ அன்றாடம் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு வா. குதிகால் உயர்ந்த செருப்போடு உட்கார்ந்து பார்த்தால் உயரம் சரியாகத் தெரியாது. மூன்று வண்டிகளிலும் உட்கார்ந்து இரு காலும் ஊன்றிப் பார்த்துவிட்டு, இறங்கி நின்று கைப்பிடியைப் பிடித்துப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் தானே தள்ளிக் காட்டுகிறேன் என்பார், நீ விடக் கூடாது. ஆன்ரோடு விலையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதி வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். வண்டி வீட்டுக்கு வந்தாலும் உரிமத்தில் கியர் சேரும்வரை அது கீழேயே இருக்கும். ஞாயிறு காலைகளில் கன்னங்குறிச்சிப் பக்கம் அப்பாவோடு பழகிக்கொள்ளலாம், எல் பலகையை ஒட்ட மறக்க வேண்டாம். 350ஐ ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார். அவர் ஓட்டிப் பார்க்கட்டும், பணம் கட்டும் இடத்தில் நான் நிற்பேன். உரிமத்தையும் ஆதார் நகலையும் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் அம்மா