வானத்தின் நிறம் படத்தில் ஏன் மாறுகிறது?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தி வானம் வெளிறியிருப்பதற்கும் பகல் வானம் பச்சை கலந்த நீலமாக இருப்பதற்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டுமே கேமராவின் குறை அல்ல, புதிது வாங்கும் யோசனையைத் தள்ளிவை.

ஒரே நிறம் ஓங்கி நின்றால் அதை அடக்கிவிடுவதுதான் கேமரா தானே நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை. அறைக்குள் அது நல்லது. சூரியன் சாயும்போது நமக்கு வேண்டியதே அந்த ஆரஞ்சு ஓங்கல்தானே? ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வை, இல்லையென்றால் கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) 5200 முதல் 5500க்குள் ஓர் எண்ணை வைத்துவிட்டு இருட்டும்வரை தொடாதே. அந்தி வெளிச்சத்தில் கிரே கார்டை, அதாவது நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டையைக் காட்டிச் சரிசெய்யவும் வேண்டாம். அதுவும் ஆரஞ்சைத் துடைத்துவிடும்.

பகல் படத்தில் நடந்தது நுட்பமான விஷயம். தெளிந்த வானத்தை ஜேபெக்காக, அதாவது கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படமாக எடுக்கும்போது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் நீலம்தான் முதலில் உச்ச எண்ணான 255ஐத் தொடும். அதற்குமேல் நீலம் ஏற முடியாது, பச்சையோ ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அந்தப் பச்சை சாயல். அந்தியில் சிவப்பு இப்படி முட்டி நிற்கும்போது ஆரஞ்சு மஞ்சளாகிவிடும். படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில், ஒற்றை வெள்ளை வகையில் இது தெரியாது, ஏனென்றால் அதில் பச்சையின் பங்கே அதிகம். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள். எந்த நிறமாவது வலது ஓரத்தில் முட்டினால், அது விலகும்வரை எக்ஸ்போஷரை ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் குறை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ராவில், அதாவது பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்தாலும் கேமரா காட்டுவது ஜேபெக்கை வைத்துக் கணக்கிட்ட ஹிஸ்டோகிராம்தான். கேமராவின் நிற அமைப்பான பிக்சர் ஸ்டைல் விவிட், லேண்ட்ஸ்கேப் என்றிருந்தால் அந்த ஹிஸ்டோகிராம் இல்லாத ஆபத்தைக் காட்டும். நியூட்ரலில் வை.

எக்ஸ்போஷர் அளவு தெரியாமல் தடுமாறினால், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, எதிர்ப்பக்க நீலத்தில் பாதி உயரத்தில் ஸ்பாட் மீட்டரை (சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வை. அந்த நீலம் ஏறக்குறைய நடுத்தர வெளிச்சம், கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷன் தேவைப்படாது.

வானத்துக்கு ரா கட்டாயம் என்பேன். 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. மெல்ல மெல்ல மாறும் நீலத்தில்தான் படிகள் போதாமல் பட்டை பட்டையாகத் தெரியும்.

எடிட்டிங்கில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) ஏற்றினால் நீலம் ஊதாப் பக்கம் சாயும். முதலில் ராவுக்கு மென்பொருள் நிறம் கொடுக்கும் ப்ரொஃபைலை மாற்றிப் பார், பிறகும் ஊதா இருந்தால் நீலத்தின் ஹியூவைச் (நிறச் சாயல்) சற்றே பச்சைப் பக்கம் தள்ளு. நீலத்தின் லூமினன்ஸை (ஒளிர்வு) அதிகம் இறக்காதே, வானமெங்கும் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான கறை கிளம்பும்.

லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வானத்தை அழகாக்கும், ஆனால் கண் பார்த்த நிறத்தைத் தராது. சூரியனிலிருந்து 90 டிகிரியில்தான் அதன் விளைவு அதிகம் என்பதால், வைடு லென்ஸில் வானத்தின் நடுவே கருநீலத் திட்டு விழும். நிறம்தான் முக்கியம் என்றால் கழற்றிவிடு.

எடிட் செய்யும் மானிட்டர் 6500 கெல்வின், காமா (திரையின் வெளிச்ச ஏற்ற இறக்க அளவு) 2.2 என்று காலிபரேட் ஆகி, அதாவது சரிசெய்யப்பட்டு இருக்கட்டும். நைட் மோடை அணைத்துவிடு. இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லையில் எக்ஸ்போர்ட் செய். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் போன படம், கோப்போடு வரும் நிறக் குறிப்பைக் கவனிக்காத திரைகளில் மங்கித் தெரியும்.

அடுத்து அனுப்பும்போது ரா ஃபைலையும் சேர்த்து அனுப்பும்மா. வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாகப் போடு, அப்போதுதான் சுருங்காமல் வரும்.

அன்புடன்,
அப்பா