அப்பாவின் பட்டறையிலிருந்து நன்றியுடன்

அன்புள்ளவர்களே,

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். அது இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. நேரில் வந்து சொல்ல முடியாதவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் அப்பாவிடம் தச்சு வேலை பழகிய தம்பிகளுக்கு. சவப்பெட்டியை விலைக்கு வாங்க விடாமல் நீங்களே செய்தீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நான் பட்டறைப் பக்கம் வந்தபோது, முடித்த பெட்டியின் ஒரு மூலையைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். "பொருத்து சரியா உட்காரலைக்கா, மேஸ்திரி பார்த்தா விடமாட்டார்" என்றான் சின்னவன். மண்ணுக்குள் போகிற பெட்டிதானே என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அடுத்து, அப்பா கதவு செய்து கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொன்னீர்கள். மழைக்காலத்தில் கதவு இறுக்குகிறது என்று கூப்பிட்டால் வருவார், ஓரத்தைத் தடவிப் பார்ப்பார், இழைப்புளியை எடுக்காமலே திரும்பிவிடுவார். ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் உப்பும், நீளத்தில் அநேகமாக அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் சீவிவிட்டால் வெயில் காலத்தில் சந்து விழும். சட்டத்துக்குள் போகும் நடுப் பலகைக்குப் பசை போடாமல், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடியில் சும்மா விடுவதும் இதனால்தான். "காய்ந்த பிறகும் இறுக்கினால் சொல்லுங்க" என்பார். சோம்பேறி என்று அவரைத் திட்டியவர்களும் உண்டு. அவர்களும் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள்.

போதகர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இயேசுவை மத்தேயு 'தச்சனுடைய குமாரன்' என்று சொல்ல, மாற்கு 6ஆம் அதிகாரம் 3ஆம் வசனம் 'தச்சன்' என்றே சொல்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே அப்பாவுக்கு மாற்குதான் உசத்தி. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கலாம் என்று நீங்கள் ஒருமுறை சொல்லப்போக, ஒரு வாரம் உங்களோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஆடிக்கொண்டிருந்த பிரசங்க பீடத்தை யாரும் கேட்காமலே சரிசெய்து சமாதானம் ஆனார். அடக்க ஆராதனையில் அந்த வசனத்தையே வாசித்தீர்கள், ஐயா. கிரேக்கத்தைப் பற்றி மூச்சு விடாததற்கும் நன்றி.

அப்பாவின் ஜெபம் எப்போதும் சின்னது. படுக்கையில் விழுந்த பிறகும் சுகம் வேண்டும் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. தம்பிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "கை பத்திரம்" என்பார். அவ்வளவுதான்.

முதலில் பார்த்த இடத்தில் வெறும் சளி என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். அதைக் கிளற மனமில்லை. மூக்கை ஒட்டிய காற்றறையில் புற்று என்று கண்டுபிடித்துப் பொறுமையாக விளக்கிய மருத்துவருக்கு நன்றி. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டதாம். எங்கள் பட்டறைக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. காதில் பென்சில் இல்லாமல் அப்பாவால் இருக்க முடியாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் மறக்காமல் அவர் காதிலேயே சொருகிவிட்ட செவிலியர் அக்காவை நாங்கள் மறக்க மாட்டோம்.

உளிகளும் இழைப்புளியும் இனி தம்பிகளுக்கு. கூடவே தூசி முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். போடாமல் இழைத்தால் கருவியைப் பிடுங்கிக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

கடைசியாக, அப்பாவிடம் வாசல் கதவுக்குச் சொல்லிவைத்து, இன்றுவரை ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கும் குடும்பத்துக்கு. சட்டம் முடிந்துவிட்டது. பலகை இன்னும் காயவில்லையாம், கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்கள் தம்பிகள்.

அன்புடன்,
மகளும் குடும்பத்தாரும்